கொடிமலையிலிருந்து பார்த்த புயல்கள்

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் மூக்கா ஹெட் என்றொரு முனை இருக்கிறது. அங்கே 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம், கடல்மட்டத்துக்கு மேல் 242 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள் இன்னும் நிற்கிறது. மேலே ஏறி நேர் மேற்கே பார்த்தால் வெறும் தண்ணீர்தான். ஆனால் இருபது கிலோமீட்டர் போல் தள்ளி, அந்தத் தண்ணீரின் மீது கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று வடக்கு தெற்காக ஓடுகிறது. அதுதான் கிழக்குத் தீர்க்கரேகை 100. வானிலைத் துறைகள் கடலைப் பங்கு பிரித்தபோது போட்ட எல்லை. அதற்கு மேற்கே காற்று சுழன்றால் கணக்கெடுப்பது புது டெல்லி. கிழக்கே சுழன்றால் தோக்கியோ. அந்தப் பக்கம் அதற்குப் பெயர் சைக்ளோன், இந்தப் பக்கம் டைஃபூன். தமிழுக்கு இந்த வம்பு இல்லை. இரண்டும் புயல்தான்.

ஜார்ஜ் டவுன் அந்த வேலிக்குச் சற்றே கிழக்கே இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் நடக்கும் சண்டையைப் பார்ப்பவர் நிலை அதற்கு. சென்னை, நாகப்பட்டினம், கடலூர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு காத்திருக்கும் வகைப் புயல் பினாங்கை நேராகத் தாக்கியதில்லை. மேற்கே சுமாத்திரா மலைகள் மதில்போல் மறிக்கின்றன. ஊரும் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகையில்கூட இல்லை. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருகல் அங்கே மிகக் குறைவு என்பதால் புயல் முறுக்கிக்கொண்டு எழுவது கடினம். இருந்தும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் புயலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் தன் கூரைக்காக இல்லை, வங்கக் கடலில் வந்துகொண்டிருக்கும் கப்பலுக்காக, அக்கரையில் இருக்கும் ஊருக்காக.

இந்தத் தீவில் ஆங்கிலக் கொடி ஏறியதற்கே புயல் ஒரு காரணம். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போடும். சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படையை 1746 அக்டோபரில் ஒரே இரவில் சிதறடித்தது புயல். எதிரி செய்ய முடியாததை ஐப்பசி மாதம் செய்தது. 18ஆம் நூற்றாண்டில் அக்டோபர் 15ஆம் நாள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கொடியை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை அது ஏறாது. துறை மூடிவிட்டது, கப்பல் நின்றால் அது கப்பல்காரர் தலைவிதி என்று பொருள்.

1782இல் இந்த வழக்கம் ஆங்கிலேயர்களுக்கு வினையாக முடிந்தது. அந்த ஆண்டு முழுவதும் அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் இந்தக் கரையில் மோதிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் காற்று மாறியது. ஹியூஸ் கப்பல்களைப் பழுது பார்க்கக் கன்னியாகுமரியைச் சுற்றிப் பம்பாய்வரை போனார். சுஃப்ரனோ வங்கக் கடலைக் குறுக்கே கடந்து சுமாத்திராவின் முனையிலுள்ள ஆச்சேயில் போய்த் தங்கினார். 1783 ஜனவரியில் அவர் கரைக்குத் திரும்பிவிட்டார். ஹியூஸ் வந்து சேரப் பல மாதம் ஆயிற்று. வங்கக் கடலின் கீழ்க்கரையில் ஒரு துறை இருந்தால் இந்தத் தொல்லை வராதே என்று கிழக்கிந்தியக் கம்பெனி யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1786 ஆகஸ்ட் 11இல், ஃபிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். சீனத் தேயிலை வணிகம், டச்சுக்காரர்களோடு போட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. கடற்படைத் தளம் என்ற கனவு அங்கே பெரிதாகப் பலிக்கவும் இல்லை. ஆனாலும் சென்னையில் இறங்கிய கொடிக்கும் பினாங்கில் ஏறிய கொடிக்கும் இடையே ஓடுவது அந்த ஐப்பசிக் காற்றுதான்.

கொடி என்றதும் இந்த ஊர்த் தமிழருக்கு மலை நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் ‘பினாங்கு ஹில்’ என்றதை மலாய்க்காரர்கள் ‘புக்கிட் பெண்டேரா’ என்றார்கள். சீனர்களும் கொடி ஏற்றும் மலை என்றே பெயர் வைத்தார்கள். தமிழில் கொடிமலை. உச்சியில் ஒரு கொடிமரம். அங்கே நின்று கடலைப் பார்ப்பவன், பாய்மரம் ஒன்று தொடுவானத்தில் முளைத்ததும் அடையாளக் கொடியை ஏற்றுவான். கீழே கோட்டையிலும் கடற்கரைத் தெருக் கிட்டங்கிகளிலும் இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கப்பல் துறைக்குள் வருமுன்பே அரிசி விலை, துணி விலை எல்லாம் ஒருமுறை ஏறி இறங்கியிருக்கும். இப்போது அந்தப் பெயரில் நாடாளுமன்றத் தொகுதிகூட உண்டு.

அப்படிக் காத்திருந்தவர்களில் தமிழர் பலர். சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருகின்றன என்று லைட் 1794இல் எழுதினார். சூலியா என்று ஆங்கிலேயர் அழைத்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்து, வடகிழக்குக் காற்றில் வீடு திரும்பும். கடாரத்துக்கு ஓடிய சோழர் காலக் கலங்களும் இதே காற்றைத்தான் நம்பின. கப்பல் வருவதாகச் சொன்ன மாதத்தில் வரவில்லை என்றால் இரண்டே விளக்கம்தான் இருக்கும். காற்று சரியில்லை, அல்லது கடலில் ஏதோ நடந்துவிட்டது. எது என்று தெரிய அடுத்த கப்பல் வரவேண்டும்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்காவை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது ஆண்டவர், நாவிதரிடம் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த கண்ணாடியை வீசி, எங்கோ நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை அடைத்துக் காத்தார் என்பது கரைதோறும் சொல்லப்படும் கதை. கந்தூரியின் கொடியேற்றத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடி வருவதே கப்பல் வடிவ ரதத்தில்தான். பினாங்கில் இருப்பது அந்த அடக்கத்தின் நினைவிடம். உடல் அங்கே இல்லை, நேர்ச்சை மட்டும் கடல் கடந்து வந்திருக்கிறது. வானிலை அறிக்கை இல்லாத காலத்தில் புயலைப் பற்றி ஒரு மனிதன் செய்யக்கூடிய ஒரே காரியம் அது.

வானத்தை அளக்கவும் சிலர் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் மாலுமிகள் அல்லர், மருத்துவர்கள். கெட்ட காற்றிலிருந்தே காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலம். ஆகவே நோயைப் புரிந்துகொள்ள மழையையும் வெப்பத்தையும் குறித்தார்கள். டி. எம். வார்டு என்ற மருத்துவரின் பினாங்குக் குறிப்புகள் 1830இல் அச்சாகின. நோயின் காரணத்தில் கோட்டை விட்டாலும், வானத்தைப் பார்த்து எழுதி வைத்தது வீண் போகவில்லை.

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு காற்று மட்டும் எந்தக் குறிப்புக்கும் காத்திருப்பதில்லை. அதற்குப் பெயரே சுமாத்திரா. கம்பெனியின் கடல்வரைபட அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் தம் மாலுமிக் கையேட்டில் இந்தப் பெயரோடு அதைப் பதிந்திருக்கிறார். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை எப்போது வேண்டுமானாலும் வரும். இரவில் சுமாத்திராக் கரையிலோ நீரிணையின் நடுவிலோ இடிமேகங்கள் வரிசை கட்டும். விடியலுக்கு முன் கிழக்கே நகரும். வருமுன் காற்று செத்துக்கிடக்கும். வேர்வை காயாது. பிறகு மேற்கே வானத்தின் குறுக்கே வளைந்த கரும்பட்டை ஒன்று தெரியும். அடுத்த சில நிமிடங்களில் குளிர்ந்த காற்று முகத்தில் அறையும், தார்ப்பாய் படபடக்கும், நாசி கண்டார் கடைக்காரர் நாற்காலிகளை உள்ளே இழுப்பார், மழை படுக்கைவாட்டில் வரும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதன்பின் சொட்டுகிற கூரையும் சாக்கடையில் மிதக்கிற ஓலையும்தான். துறையில் சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான்காரர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போதும், படகு கவிழ.

ஹார்ஸ்பர்க் கண்ட இன்னொன்றும் இங்கே சொல்லத்தக்கது. வெப்பக் கடல்களில் பாரமானி கடிகாரம்போல் நடந்துகொள்கிறது என்று அவர் பார்த்தார். காலை பத்து மணி அளவில் ஏறி, மாலை நான்கு மணி அளவில் இறங்கும். இரவிலும் அப்படியே ஒருமுறை. 1805இல் இது வெளியானது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் புயலின் சரிவு தெரியும். பத்து மணிக்கு ஏறவேண்டிய பாதரசம் ஏறவில்லையா, மாலுமி கவலைப்படலாம்.

அந்தக் கவலையை ஒரு கல்வியாக மாற்றியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். தொழிலால் அவர் வானிலை அறிஞர் அல்லர், கப்பல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவர். உடைந்த கப்பல்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் புயல் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லவேண்டும். ஒவ்வொரு புயலுக்கும் அந்த நாட்களில் கடலில் இருந்த கப்பல்களின் பதிவேடுகளைத் தேடி வாங்குவார். இந்த மணிக்கு இந்த இடத்தில் காற்று எந்தத் திசை, பாரமானி எவ்வளவு என்று வரைபடத்தில் குறிப்பார். புள்ளிகள் சேரச்சேர வட்டம் தெரியும். சைக்ளோன் என்ற சொல்லையே கிரேக்கத்திலிருந்து உருவாக்கியவர் இவர்தான். பாம்பு சுருண்டிருப்பதுபோல் என்று பொருள்.

அவர் கட்டுரைகளில் ஒன்றுக்குப் பினாங்கோடு தொடர்பு உண்டு. 1844 நவம்பர். இங்கிலாந்திலிருந்து படைவீரர்களை ஏற்றி வந்த ‘ரன்னிமீட்’ கப்பல் பினாங்கில் தங்கிவிட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதே நேரம் சிட்னியிலிருந்து ‘பிரிட்டன்’ என்ற இன்னொரு படைக்கப்பலும் கல்கத்தாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒன்றைப் பற்றி மற்றதற்குத் தெரியாது. அந்தமான் கடலில் இரண்டையும் ஒரே புயல் பிடித்தது. இரவு இருட்டில், பொங்கிய கடல் இரண்டையும் பவளப்பாறைகளுக்கு மேலாகத் தூக்கி, ஒரே தீவின் அலையாத்திக் காட்டுக்குள் அருகருகே இறக்கிவிட்டது. விடிந்ததும் ஒரு கப்பலில் இருந்தவர்கள் மரங்களுக்கு நடுவே இன்னொரு கப்பலைக் கண்டார்கள். கதையில் எழுதினால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்போம். இரண்டிலும் சேர்த்து அறுநூறு பேருக்கு மேல் பிழைத்தார்கள். படகொன்று தெனாசரிம் கரைக்குப் போய் உதவி கேட்டு, மீட்புக் கப்பல் வந்துசேர ஏழு வாரத்துக்கு மேலாயிற்று.

பிடிங்டன் 1848இல் மாலுமிகளுக்காக ஒரு நூல் வெளியிட்டார். அதனுடன் கொம்பைச் சீவி மெல்லியதாக்கிச் செய்த, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் இரண்டு தகடுகள் வரும். ஒன்று வட அரைக்கோளத்துக்கு, ஒன்று தென் அரைக்கோளத்துக்கு. தகட்டின் மேல் வட்டவட்டமாகக் காற்றின் திசை வரைந்திருக்கும். கப்பல் நிற்கும் இடத்தில் அதை வரைபடத்தின் மேல் வைத்து, அப்போது அடிக்கும் காற்றோடு பொருந்தும்வரை நகர்த்தினால் புயலின் கண் எங்கே என்று தெரிந்துவிடும். அங்கே போகாதே, இந்தப் பக்கம் திருப்பு. கைப்பேசித் திரையில் புயலின் சுழல்படத்தை விரலால் நகர்த்திப் பார்க்கும் இன்றைய ஆர்வலர்கள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். அன்று புயலுக்குள் இருந்துகொண்டே அதைச் செய்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

1870 இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி வந்தது. செய்தி கப்பலை முந்தியது. சென்னையில் புயல் அடித்த சேதி, அந்தப் புயலுக்குத் தப்பிய கப்பல் வருவதற்குள் பினாங்கை எட்டும். இங்கிலாந்தில் அட்மிரல் ஃபிட்ஸ்ராய் 1861இலேயே தந்தி வழியாகத் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பி, கித்தானால் செய்த கூம்பையும் உருளையையும் கம்பத்தில் ஏற்றச் செய்திருந்தார். 1864இல் கல்கத்தாவைப் புயல் நாசமாக்கியபின் இந்தியாவிலும் அந்த வழக்கம் வேர்பிடித்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. தமிழகக் கரையில் அந்தக் கூம்பும் உருளையும் ‘கூண்டு’ ஆயின. இன்றைக்கும் நாகைத் துறைமுகத்தில் இரண்டாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்றால் மீன்பிடிப் படகு கடலுக்குப் போகாது. ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண்கள் உண்டு. பதினொன்று கடும்புயலுக்கும் மேலே ஏதோ என்று பலர் நினைக்கிறார்கள். எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் பயங்கரம் அதுதான்.

அக்கரையில் கூண்டு, இக்கரையில் கொடி. இரண்டுக்கும் நடுவே ஓடிய கப்பல்களில் தமிழர் நினைவில் நிற்பது ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973வரை ஓடியது. ஐயாயிரம் பேருக்கு மேல் டெக்கிலேயே ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். பாயை விரித்து இடம் பிடித்தவர்களுக்குப் பாரமானி தெரியாது. ஆனால் டெக்கின் மேல் கித்தானை இழுத்துக் கட்ட ஆள் வந்தால் என்ன வரப்போகிறது என்று தெரியும். கார்த்திகையில் புறப்படுகிறவர்களை வீட்டுப் பெரியவர்கள் தடுத்ததற்கு நாள் நட்சத்திரம் மட்டும் காரணமில்லை.

மலாயாவுக்கென்று வானிலைச் சேவை 1929இல் அமைந்தது. விமானப் போக்குவரத்து அதற்கு உடனே வேலை கொடுத்தது. ஆனால் தமிழ்க் குடும்பங்களுக்கு முக்கியமான முன்னறிவிப்பு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து வரவில்லை, சென்னையிலிருந்து வானொலியிலும் நாளிதழிலும் வந்தது. 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு. 1977 நவம்பரில் மறுபடியும் நாகை. தனுஷ்கோடியை அழித்த அந்தச் சுழல் தெற்கு அந்தமான் கடலில் பிறந்தது. பினாங்குக்காரர் பார்வையில் அது கொல்லைப்புறம்.

சில புயல்கள் கொல்லைக்கும் அப்பால் பிறந்து வேலி தாண்டி வந்தவை. 1989 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் உருவான ‘கே’ டைஃபூன், சும்போன் வழியாகத் தீபகற்பத்தின் ஒடுங்கிய இடுப்பைக் கடந்து, அந்தமான் கடலில் மறுபடி வலுத்து, ஆந்திரத்தின் காவலி அருகே கரையேறியது. 2018இல் ‘கஜா’வின் கருவும் தாய்லாந்து வளைகுடாவில்தான். பினாங்குக்கு வடக்கே நிலத்தைத் தாண்டி, வங்கக் கடலில் இறங்கி, நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்து தென்னையை எல்லாம் சாய்த்தது. ரஜூலா திரும்பிய வழியை ஒட்டியே அதுவும் போனது என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். முன்பு சென்னை வானிலை மையத்தின் ரமணன் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக் காத்திருந்தவர்கள், அதற்குள் பிரதீப் ஜான் போன்ற தனி ஆர்வலர்களின் கணிப்பையும் சேர்த்துவைத்து வாதாடப் பழகியிருந்தார்கள். எந்தக் கணினி மாதிரி வேதாரண்யம் என்கிறது, எது கடலூர் என்கிறது என்று பேச இப்போது மாலுமியாக இருக்கவேண்டியதில்லை.

வேலி தாண்டினாலும் பெயர் மாறாது என்பதற்கு 2019 ஜனவரியில் வந்த ‘பபுக்’ எடுத்துக்காட்டு. தென்சீனக் கடலில் லாவோஸ் கொடுத்த மீன் பெயரோடு புறப்பட்டு, நக்கோன் சி தம்மராட்டில் கரை கடந்து, அதே பெயரோடு அந்தமான் கடலில் இறங்கியது. டெல்லியின் பட்டியலுக்கு அது விருந்தாளி. மலேசியா பசிபிக் குழுவில் இருப்பதால் அதுவும் பெயர் கொடுத்திருக்கிறது. மெலோர், நங்கா. மல்லிகை, பலா. 2015இல் மல்லிகை பிலிப்பைன்ஸையும் பலா ஜப்பானையும் தாக்கின.

தன் கூரையை ஊர் அண்ணாந்து பார்த்தது அண்மையில்தான். 2013 ஜூன் 13 மாலை, மெக்காலிஸ்டர் சாலையில் அம்னோ கோபுரத்தின் உச்சியிலிருந்த இடிதாங்கியைக் காற்று பிய்த்துச் சாலையில் எறிந்தது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அந்த 21 மாடிக் கட்டடம், பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யாங், காற்றை வரவேற்று உள்ளே அனுப்பும் சிறகுச் சுவர்களோடு வடிவமைத்தது. 2017 நவம்பர் 4 இரவு விடிய விடியக் கொட்டிய மழையும் காற்றும் தீவை மூழ்கடித்தன. மரங்கள் சாய்ந்தன, ஏழு பேர் இறந்தார்கள். 2001 டிசம்பர் 27இல் ‘வமே’ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகையிலேயே உருவாகி ஜோகூரில் கரையேறியபோது, பாடநூலுக்கு விதிவிலக்கு என்று சொல்லிக் கடந்துவிட முடிந்தது. இப்போது அப்படிக் கடக்க முடியவில்லை.

2025 நவம்பர் 26இல் மலாக்கா நீரிணைக்குள்ளேயே ‘சென்யார்’ புயல் உருவானது. டெல்லி அதற்குப் பெயரிட்டது. மதில் என்று நம்பிய சுமாத்திராவின் வடபகுதியில் கரையேறி வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் பேரழிவைச் செய்துவிட்டு, வந்த வழியே கிழக்கே திரும்பித் தீபகற்ப மலேசியாவை நோக்கி வந்தது. அதே வாரம் இலங்கையை ‘டிட்வா’ புரட்டிப்போட்டு, தமிழகக் கரையை ஒட்டி வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. அந்த நாட்களின் செயற்கைக்கோள் படத்தில் வங்கக் கடலின் இரு ஓரத்திலும் மேகம் திரண்டிருந்தது. நடுவே ரஜூலாவின் பாதை வெறிச்சென்று கிடந்தது. நாகையில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடிமலையைக் காலையிலிருந்தே மேகம் மூடியிருந்தது.